மழை அணைக்கவில்லை

போன வாரம் செரண்டா காப்பிக் கடையில் என்னைப் பேசவிடாமல் சிரித்தே வாயடைத்த மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். மூவரும் என் வயதுக்காரர்கள். கோலசிலாங்கூர் பக்கத்துத் தென்னந்தோட்டத்தில், வரிசையாகக் கட்டின ஒரே லயத்துப் பலகை வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்கள். அன்று காலையில் எங்கோ காடு எரிந்து ஊரெல்லாம் புகைமூட்டம். ஒருத்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "உங்கப்பா அன்னிக்கு வச்ச நெருப்பு இன்னும் அணையல போல லா" என்றான். அடுத்தவன், "அதான் மழை வந்து அணைச்சிருச்சே. இல்லேன்னா இவங்க குடும்பத்த அப்பவே கப்பல் ஏத்தியிருப்பாங்க" என்றான். மூன்றாவது ஆள் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினான்.

மழையாம்! எத்தனை தடவை சொல்வது இவர்களுக்கு? எனக்கு வயதுதான் போயிருக்கிறது, ஞாபகம் போகவில்லை. நாலாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கப்புறம் தேங்காய் உரித்து, லோரிக்குக் கிளீனராகி, லோரி ஓட்டி, கடைசியில் லோரிக்கே முதலாளியானவன். சபாக்கிலிருந்து ரவாங் வரைக்கும் என் பெயர் எழுதின லோரி போகாத ரோடு கிடையாது. பெரிய படிப்புப் படித்தவர்களெல்லாம் என்னிடம் வந்து யோசனை கேட்டுவிட்டுப் போகிறார்கள். என்னோடு கோலி விளையாடின இந்த மூன்று பேர் மட்டும் நான் வாயைத் திறந்தால் குறுக்கே பேசுவார்கள். எழுத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா? அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அச்சடிக்கிறவர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தை யாரும் திருத்த வேண்டாம்.

நாங்கள் கப்பல் இறங்கியபோது எனக்கு ஏழு வயது. தங்கச்சி அப்போதுதான் நடை பழகியிருந்தாள். அப்பா எங்களுக்கு முன்பே தனியாக வந்து, ரவாங் பக்கம் மேட்டுத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டியவர். அங்கே செம்மண். கடலோரத்துத் தென்னந்தோட்டத்தில் குடும்பக்காரர்களுக்கு வீடு தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு இங்கே மாற ஏற்பாடு செய்துவிட்டு, ஊருக்கு வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் ஊர் விருதுநகருக்குத் தெற்கே கரிசல் காடு. மழை பெய்தால் அந்தக் கறுப்பு மண் காலில் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஆட்டுக்கல் கனம் கனக்கும். வெயில் அடித்தால் அதே மண் என் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பருத்தி, கம்பு, மொச்சை எல்லாம் அதில்தான்.

அம்மாவுக்கு வர இஷ்டமில்லை. வந்தாள். ஆனால் வந்துவிட்டதாக ஒத்துக்கொள்ளவே இல்லை.

எப்படி என்கிறீர்களா? எங்களோடு கப்பலில் பச்சை வர்ணம் பூசின பெரிய தகர டிரங்குப் பெட்டி ஒன்று வந்தது. அதை ஒற்றை அறை வீட்டின் நடுவில் இறக்கி வைத்ததோடு சரி. பிரிக்க மாட்டேன் என்று விட்டாள். இரண்டு பித்தளைக் குடம், வெண்கலப் பானை, கும்பா, குத்துவிளக்கு, கூறைப்புடவை எல்லாம் உள்ளே. வெளியே நாங்கள் பால் டின்னில் தண்ணீர் குடித்தோம். பக்கத்து வீட்டு அத்தை இரவல் கொடுத்த அலுமினியச் சட்டியில் சோறு. மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் பிடித்ததால் தேத்தண்ணியிலும் மண்ணெண்ணெய் வாசம், ரசத்திலும் மண்ணெண்ணெய் வாசம். ராஜா வீட்டுப் பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் வைக்கோல் சுற்றித் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஓடி வரும்போதெல்லாம் அந்தப் பெட்டியின் இரும்பு மூலையில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்வேன். நகம் பெயர்ந்து, முளைத்து, மறுபடி பெயரும்.

அப்பா சட்டை மாட்ட ஓர் ஆணி அடிக்கப் போனார். அம்மா சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆணியெல்லாம் அடிக்காதீங்க. இருக்கப் போற வீடா இது?"

"அப்ப சட்டைய எங்கதான் மாட்ட?"

"மாட்டாட்டி என்ன? போட்டுக்கிட்டே தூங்குங்க."

பக்கத்து வீட்டு அத்தை இந்த நாட்டிலேயே பிறந்தவர். வாய் சும்மா இருக்காது. எங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "ஏ புள்ள, அந்தப் பொட்டிக்கு ஒரு மாப்பிள்ள பாத்து அனுப்பிரேன் லா. நடுவூட்டுல கொமரு மாதிரி உக்காந்திருக்கு!" என்பார்.

"அது வந்த வழியே போறதுக்குத்தான் உக்காந்திருக்கு மதினி" என்பாள் அம்மா. சிரிக்காமல் சொல்வாள்.

இந்தக் காலத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? என் மகள் ஆஸ்திரேலியா போய்க் குடியேறினாள். போனில் முகம் காட்டிப் பேசுகிறாள். அவளுக்குப் பின்னால் பிரிக்காத அட்டைப்பெட்டி அடுக்கி நிற்கிறது. "என்னம்மா, இன்னும் பிரிக்கலையா?" என்று கேட்டால், "பாப்போம்பா, இங்க செட்டாகுமான்னு தெரியல" என்கிறாள். ரத்தம் கொதிக்கிறது எனக்கு. ஒரு தலைமுறை இடித்துக்கொண்ட கட்டைவிரல் போதாதா?

சரி, நெருப்புக்கு வருகிறேன்.

லயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வாய்க்கால். அதற்கு அப்பால் காட்டை வெட்டிவிட்டு இன்னும் தென்னை வைக்காமல் போட்டிருந்த நிலம். அதன் ஓரத்தில் காய்கறி போட்டுக்கொள்ள, தோட்டத்து ஆட்களை மேய்க்கிற கங்காணியான மண்டோர் எங்களை விட்டார். அப்பா முதல் தடவை அங்கே போய்விட்டு வந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. துண்டில் எதையோ மூட்டை கட்டிக்கொண்டு, புதையல் எடுத்தவர் மாதிரி ஓடி வந்தார். அடுப்படியில் இருந்த அம்மாவின் காலடியில் கொட்டினார். கன்னங்கரேல் என்று மண்.

"பாரு புள்ள, நல்லாப் பாரு! கரிசல்! நம்ம ஊரு மண்ணு இங்கயும் இருக்கு!"

அம்மா கொஞ்சம் எடுத்து, தண்ணீர் விட்டு, உருண்டை பிடித்துப் பார்த்தாள். கரிசல் என்றால் உருண்டை கல் மாதிரி நிற்கும். இது விரல் இடுக்கு வழியாக வரக்காப்பி நிறத்தில் தண்ணீராக ஒழுகியது. கையில் மிஞ்சியது வெறும் நார்.

"இது மண்ணே இல்லீங்க. அடுப்புல போடுற மாதிரி இருக்கு."

"உனக்கு என்ன தெரியும்? நெறத்தப் பாரு, நெறத்த!"

நிறத்தைப் பார்த்து ஏமாந்த மனிதர். அது காட்டு மரமும் இலையும் வேரும் காலங்காலமாகத் தண்ணீரில் ஊறி மக்கிக் குவிந்தது. ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். அதன்மேல் நான் குதித்தால், நாலு முழம் தள்ளி நிற்கிற செடி ஆடும். கரிசல் காட்டில் எவனாவது குதித்துச் செடி ஆடியிருக்கிறதா? ஏழு வயதுப் பையனான எனக்கே அது வேறு மண் என்று தெரிந்தது. ஏர் பிடித்துக் கை காய்த்த மனிதருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. அந்த மண் கரிசலாக இருந்தால் அம்மா பெட்டியைப் பிரித்துவிடுவாள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

பெட்டிக்குள் ஒரு துணி முடிச்சு இருந்தது. கம்பு, மொச்சை, பருத்தி விதைகள். திரும்பிப் போனதும் விதைக்க வேண்டும் என்று அம்மா கொண்டுவந்தது. அப்பா அதைக் கேட்டார். அம்மா தரவில்லை. அப்பா சாப்பிடாமல் படுத்தார். மறுநாள் காலையில் அம்மா மூடியை ஒரு சாண் மட்டும் தூக்கி, கையை விட்டு முடிச்சை எடுத்து, அவர் பக்கம் பார்க்காமலே நீட்டினாள்.

முளைத்தது என்னவோ முளைத்தது. அப்பா லயத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினார். "அறுப்புக்கு ஆள் வேணும், இப்பவே சொல்லிட்டேன்" என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னார். பிறகு பயிரெல்லாம் மஞ்சளாகிப் போயிற்று. வேர் பிடிக்காமல், குடித்தவன் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தது. மொச்சை மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, பிறகு அதுவும் போயிற்று. திரும்பிப் போனால் விதைப்பதற்கென்று வைத்திருந்த விதை அவ்வளவும் அதோடு முடிந்தது.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலாவது அவர் சும்மா இருந்திருப்பார். பேசாததனால், "மண்ணு பச்சையா இருக்கு. ஒரு தடவ நெருப்புப் பட்டாச் சரியாயிரும்" என்று தானாகவே சொல்லிக்கொண்டார். எங்கள் ஊரில் கோடை உழவுக்கு முன்னால் முள்ளையும் கட்டையையும் குவித்துக் கொளுத்துவது வழக்கம். சாம்பல் மண்ணுக்கு நல்லது. அங்கே நெருப்பு வைத்தால் கட்டை எரியும், நெருப்பு அணையும், மண் மண்ணாகவே இருக்கும்.

மண்டோர் முன்பே சொல்லியிருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மாமா, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சுருட்டுக்கூடப் பத்த வைக்காத. வெயில் காலம். சொல்லிட்டேன்." அப்பா தலையை ஆட்டிவிட்டு, அவர் போனதும் என்னிடம், "நம்ம வெள்ளாமை வந்துருமேன்னு இவனுக்கு வயித்தெரிச்சல்" என்றார். சாய்ந்து கிடக்கிற கம்பைப் பார்த்து யாருக்கு வயிற்றெரிச்சல் வரும்? கேளுங்கள் இந்தக் கொடுமையை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டையையும் வேரையும் குவித்துக் கொளுத்தினார். நன்றாக எரிந்தது. அணைந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டு, வேலையை முடித்தவர் மாதிரி வந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். மறுநாள் காலையில் கொளுத்தின இடத்துக்குப் பத்தடி தள்ளி, தரையிலிருந்து புகை வந்தது. தீ இல்லை. வெறும் புகை. அப்பா இரண்டு டின் தண்ணீர் ஊற்றினார். நின்றது. சாயங்காலம் வேறு இடத்தில் வந்தது. அங்கே ஊற்றினால் இன்னோர் இடம். மண்ணுக்கு அடியில் நெருப்பு எலி மாதிரி வளை தோண்டிக்கொண்டு போனது.

அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? ஈரச் சாக்கை எரித்தது போல, அதில் அழுகின முட்டையை உடைத்துவிட்டது போல. காயப் போட்ட துணி, சோறு, தலைமுடி எல்லாவற்றிலும் அதுதான். தங்கச்சிக்கு இருமல் வந்து மூச்சு இழுத்தது. அவளைப் பக்கத்து வீட்டு அத்தை, புகை போகாத கடைசி வீட்டில் தன் தங்கச்சியிடம் கொண்டுபோய் விட்டார். லயமே எங்கள் வீட்டைப் பார்த்துத் திட்டிற்று. ஆனால் திட்டிக்கொண்டே டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். இந்த மூன்று பேரின் அப்பாக்களும் வந்தார்கள். அத்தை ஒரு டின்னுக்கு ஒரு தடவை, "கரிசலாம் கரிசல்!" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார்.

புகை தோட்டத்துத் தென்னை வரிசையை நெருங்கியதும் மண்டோர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"மாமா, வெள்ளிக்கிழமை துரை சுத்திப் பாக்க வர்றாரு. அதுக்குள்ள பொகை நிக்கலேன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாரு. நீ பொட்டி கட்டிக்க வேண்டியதுதான்."

அம்மாதான், "கட்டித்தான் இருக்கு" என்றாள். மண்டோர் நடுவீட்டுப் பெட்டியைப் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போய்விட்டார்.

யோசித்துப் பாருங்கள். எந்த நாளுக்காக அம்மா பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாளோ அந்த நாள் வாசலுக்கே வந்துவிட்டது. நானும் ஊருக்குப் போகப் போகிறோம் என்றுதான் நினைத்தேன். பக்கத்து வீட்டுப் பையனிடம் என் கோலிகளைக் கொடுத்துவிட்டேன். அவன் திருப்பியே தரவில்லை. காப்பிக் கடையில் ரொட்டி தின்றுகொண்டு தலையாட்டினவன் அவன்தான்.

மறுநாள் அப்பா புகைக்குள் நடந்தபோது மேல்மண் பொறுபொறுவென்று உடைந்து, ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. உள்ளே தணல். பாதம் வெந்துவிட்டது. அவரைத் தூக்கி வந்து வீட்டுப் படியில் உட்கார வைத்தார்கள். முகம் கறுத்து, கண் சிவந்து, கரிசல் கண்ட மனிதர் கரிக்கட்டை மாதிரி இருந்தார்.

"நீ சொன்னதுதான் சரி புள்ள. போயிருவோம்" என்றார்.

அம்மா அவர் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"போயி? அங்க என்னான்னு சொல்ல? போன எடத்துல ஊரான் நெலத்தக் கொளுத்திட்டு ஓடியாந்தவன் பொண்டாட்டின்னு பேரெடுக்கவா? நான் தல நிமுந்துதான் ஊருக்குப் போவேன். இப்பிடிப் போக மாட்டேன்."

அம்மா எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அங்கே மண்டோர் ஆட்களை வைத்து வாய்க்கால் வாயை அடைத்துக்கொண்டிருந்தார். டின்னால் ஊற்றிப் புண்ணியமில்லை, வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் ஏறி மண் அடியிலிருந்து ஊறும், அப்போதுதான் இந்த நெருப்பு சாகும் என்பது அவர் யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் கையருகில் கிடைத்த அந்தக் கறுப்பு மண்ணையே சாக்கில் நிரப்பிப் போட்டார்கள். அது மிதந்தது! மண் மூட்டை தண்ணீரில் வாத்து மாதிரி மிதந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு வாய்க்கால் அடியிலிருந்து நீலக் களிமண்ணைத் தோண்டிச் சாக்கில் போட்டார்கள். சாக்கு கனம் தாங்காமல் பிய்ந்தது. தண்ணீர் கடல் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது.

"கிழியாத சாக்கு வேணும். இல்லேன்னா கட்டையாவது வேணும். எங்க போவேன்?" என்று மண்டோர் தலையில் கை வைத்தார்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது பெட்டி திறந்திருந்தது. மூடி முழுக்கத் திறந்து, இந்த நாட்டில் முதல் தடவையாக. வைக்கோல் பறந்தது. குடத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். வெண்கலப் பானை, கும்பா, விளக்கு. கூறைப்புடவையை மடிப்புக் கலையாமல் பாயில் வைத்தாள். அப்பா படியில் உட்கார்ந்தபடியே, "ஏ, என்ன பண்ற?" என்றார்.

"எந்திரிக்காதீங்க. காலு."

காலிப் பெட்டியை ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் அத்தையும் தூக்கினார்கள். வழியெல்லாம் அத்தை, "நல்ல பொட்டி புள்ள, நல்ல பொட்டி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அன்றைக்குத்தான் அவர் கேலி பேசாமல் பார்த்தேன். மண்டோர், "யக்கா, இது போனா வராது" என்றார்.

"தெரியும். எறக்குங்க."

வாய்க்கால் வாயில் அடித்திருந்த இரண்டு மரமுளைக்கு நடுவே பெட்டியை இறக்கி, உள்ளே நீலக் களிமண்ணை வாரிவாரிப் போட்டார்கள். நிரம்பியதும் மூடி, கொக்கியைப் போட்டது அம்மாதான். பூட்டு மட்டும் போடவில்லை. பெட்டி நகரவில்லை. இரண்டு பக்கமும் களிமண் அப்பினார்கள். தண்ணீர் முட்டி நின்று, மெல்லத் திரும்பி, வரக்காப்பி நிறத்தில் ஏறத் தொடங்கியது. புகைகிற நிலத்துக்குள் அது ஊறின சத்தம், நூறு தோசைக் கல்லில் ஒரே நேரத்தில் தண்ணீர் தெளித்தது போல இருந்தது. வெள்ளை ஆவி எழுந்தது. எல்லோரும் பின்னால் ஓடினோம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கேட்டுக்கொள்ளுங்கள், ஒரு மேகம் கிடையாது!

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பெட்டி இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது. பாத்திரமெல்லாம் தரையில் பரப்பிக் கிடந்தது. கால் வைக்க இடமில்லை. அம்மா இடுப்பில் கையை வைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஆணி இருக்கா?" என்றாள்.

அப்பாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு வெந்த காலைத் தூக்கிக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து, பாய்க்கு அடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். ஆணியை எப்போதோ வாங்கி ஒளித்து வைத்திருந்திருக்கிறார், பாருங்கள். தேங்காய்ப் பெட்டிப் பலகை ஒன்றைச் சுவரில் வைத்து அடித்தார். கோணலாக அடித்தார். அந்த மனிதருக்கு எதையும் நேராகச் செய்ய வராது. குடத்தை வைத்தால் ஒரு பக்கமாக நழுவியது. அம்மா ஒரு சிரட்டைத் துண்டை அடியில் கொடுத்து நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். புகை இல்லை. கறுத்த சேறுதான் இருந்தது. "புல்லு கொஞ்சம் கருகிருச்சு துரை" என்று மண்டோர் சொல்லிச் சமாளித்தார். கால் ஆறினதும் அப்பாவை வாய்க்கால் தூர் வாரும் வேலைக்குப் போட்டார்கள், அதுதான் தண்டனை. பெட்டி இருந்த இடத்தை மட்டும் அவர் தூர் வாரவே இல்லை.

மழை அதற்கும் பிறகுதான் வந்தது. அணைக்க அங்கே நெருப்பே இல்லை. கூரை ஒழுகியது. அம்மா பலகையிலிருந்து பித்தளைக் குடத்தை இறக்கி, நடுவீட்டில், பெட்டி இருந்த அதே இடத்தில், சொட்டுக்கு நேராக வைத்தாள். இரவல் அலுமினியச் சட்டியைக் கழுவி அத்தை வீட்டில் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள்.

மழை செய்த வேலை அவ்வளவுதான். அந்தக் குடத்தை நிரப்பியது.